அரைப் புள்ளி போதாது

பெறுநர்: உலக சுகாதாரப் பேரவை, ஜெனீவா.
ஊடாக: சுகாதார அமைச்சு, சுவசிரிபாய, கொழும்பு 10.

மாட்சிமை தங்கிய பேரவையோர்க்கு,

நீங்கள் தீர்மானம் போடுகிற சபை. நாங்கள் தீர்மானத்துக்குப் பேர்போன ஊர். 1976 மே 14 அன்று பண்ணாகத்தில் நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகவே தீர்மானம் வேறு, நடப்பது வேறு என்று எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெண்களின் இரத்தச்சோகையை 2025க்குள் பாதியாக்குவதாக 2012இல் சொன்னீர்கள். 2025 வந்தது, சோகை போகவில்லை. உலகில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இன்னும் இருக்கிறது. நீங்கள் தவணையை 2030க்குத் தள்ளிவிட்டீர்கள்.

தவணையைத் தள்ளுவதைவிட எண்ணைத் தள்ளலாமே. கர்ப்பிணிகளின் சோகையைக் கணிக்க டெசிலீற்றருக்கு 11 கிராம் என்றிருந்த ஹீமோகுளோபின் எல்லையை, நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 ஆக 2024இல் உலக சுகாதார நிறுவனமே இறக்கியது. அந்த மாதங்களில் இரத்தத்தில் நீர் கூடும், விஞ்ஞானம் சரி, குறை சொல்லவில்லை. ஆனால் வழி திறந்தபின் அரைப் புள்ளியோடு நிற்பானேன்? 7க்கு இறக்குங்கள். வட்டுக்கோட்டையில் ஓரிரவில் சோகை ஒழியும்.

மற்ற வழியெல்லாம் பெரிய கரைச்சல். ஈரல், முட்டை, மீன் சாப்பிடு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த ஆண்டு சோளம் இல்லாமல் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. கிடைத்த பைக்கற்றையும் வீடு முழுக்க உருண்டை பிடித்துப் பங்கிட்டது. மீன் வாங்கினாலும் நடுத்துண்டு குடும்பத் தலைவனுக்கு, வால்துண்டு பெடியனுக்கு, கர்ப்பிணிக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. இதைத் திருத்த எந்த அமைச்சிடம் ஆளணி இருக்கிறது?

சோற்றோடு ஒரு தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையிலுள்ள இரும்பு நன்றாகச் சுவறும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி அதைச் சுவற விடாது. இதை உரத்துச் சொன்னால் தேயிலைச் சபை கோபிக்கும். இரும்புக் குளிசையைக் கல்சியக் குளிசையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்பதையும், மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம் என்பதையும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஒருவரும் சொல்லாததால் குளிசை அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. வெறுங்காலோடு வெங்காயத் தறையில் நிற்பவளுக்கு ஏறும் கொழுக்கிப்புழுவுக்குப் பூச்சிக்குளிசையும் செருப்பும் கழிப்பறையும் வேண்டும். எல்லாம் செலவு.

பிறகு மாதவிடாய். கோயிலுக்குள் வராதே, சாமியறைக்குள் போகாதே என்று சொல்ல அந்த நாட்களை வீடே கணக்கு வைத்திருக்கிறது. எவ்வளவு இரத்தம் போகிறது, எத்தனை நாள் போகிறது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நாக்கு எழும்புவதில்லை. கல்யாணம் கட்டிக் கர்ப்பமாகிக் கிளினிக்குக்கு வரும்போதுதான் பெண்பிள்ளையின் இரத்தத்தை முதன்முதலாக அளக்கிறோம். அதுவரை கண்ட களைப்புக்குச் சோம்பல் என்று பேர் வைத்திருந்தோம்.

எல்லையை 7ஆக்கினால் சில பக்கவிளைவுகள் உண்டு, மறைக்கவில்லை. பிரசவத்தில் இரத்தம் போனால் தாய்க்குத் தாங்காது. குறைமாதத்தில், நிறை குறைந்து பிள்ளை பிறக்கலாம். ஆனால் தாய் மரணத்துக்கு வேறு கோப்பு, சிசு நிறைக்கு வேறு கோப்பு. சோகைக் கோப்பு சுத்தமாக இருக்கும்.

பதிலைத் தமிழிலேயே அனுப்புங்கள். 1847இல் எங்கள் ஊரில் வந்திறங்கிய சாமுவேல் கிறீன் வைத்தியர், பிறகு மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தையே தமிழில் படிப்பித்தார். முடியாது என்று சொல்ல வழியில்லை.

இப்படிக்கு,
வட்டுக்கோட்டைக் கர்ப்பிணிகள் சார்பில், அவர்களைக் கேளாமல்,
ஒரு குடும்பத் தலைவன்