கணக்குப் பார்த்தவர் கோட்டைக்குப் போனால்

கேள்வி: உக்ரைனில் பேங்க் வேலை பார்த்தவர் ஜனாதிபதியே ஆனாராமே? (வாசகர், பூந்தோட்டம்)

பதில்: ஆனார். விக்டர் யுஷ்செங்கோ. வாத்தியார் வீட்டுப் பிள்ளை. 1975இல் படிப்பு முடிந்ததும் ஒரு கூட்டுப்பண்ணையில் கணக்கு எழுதினார். அப்புறம் சோவியத் அரசு வங்கியின் உள்ளூர்க் கிளை. 1993இல் நாட்டின் மத்திய வங்கிக்கே தலைவர். அங்கே அப்போது பணம் எப்படி இளைத்திருந்தது தெரியுமா? 1996இல் நோட்டை மாற்றியபோது பழைய பணம் ஒரு லட்சம் கொடுத்தவர் கையில் புதுப் பணம் ஒன்றே ஒன்று வைத்தார்கள். 1999 கடைசியில் பிரதமரானதும் தேங்கிக் கிடந்த பென்ஷன் பாக்கியைத் தீர்த்தார். பென்ஷன் வாங்குகிறவர்கள் அதை மறப்பார்களா? 2005இல் ஜனாதிபதி.

கேள்வி: அப்புறம் ஏன் தோற்றார்? (வாசகி, சன்னாநல்லூர்)

பதில்: 2010 தேர்தலில் 5.45 சதவீத ஓட்டு, ஐந்தாம் இடம். தேர்தல் மோசடியை எதிர்த்து அவரோடு தெருவில் நின்று போராடி, பிறகு பிரதமராகவும் இருந்த யூலியா திமொஷென்கோவோடே ஓயாத சண்டை. வீட்டுக்குள் தகராறு என்றால் ஊருக்கு யார் சோறு போடுவது?

கேள்வி: நம் தமிழ்நாட்டில் அப்படி யாராவது? (வாசகர், பேரளம்)

பதில்: பழனிவேல் தியாகராஜன். திருச்சியில் இன்ஜினீயரிங், அமெரிக்காவில் டாக்டர் பட்டம். லேமன் பிரதர்ஸிலும், பிறகு சிங்கப்பூரில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியிலும் வேலை. தாத்தா பி.டி.ராஜன் 1936இல் சென்னை மாகாணத்துக்கு முதல்வராக இருந்தவர், அப்பா பழனிவேல் ராஜன் சபாநாயகர். அதனால் வங்கியிலிருந்து வந்தார் என்பதைவிட, வங்கிக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பினார் என்பதே பொருத்தம். 2016இலும் 2021இலும் மதுரை மத்தியில் நின்று ஜெயித்தார். நாட்டளவில் பார்த்தால் மன்மோகன் சிங்கும் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர்தான், பத்து வருஷம் பிரதமர். ஆனால் 1999இல் தெற்கு டெல்லியில் ஒரே ஒரு தடவை மக்களவைக்கு நின்று தோற்றார். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருவது தனி வித்தை.

கேள்வி: தமிழ்நாடு அரசின் நிதிநிலை பற்றிய 2021 வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார்களே. நானும் கட்டணுமா? (வாசகர், குடவாசல்)

பதில்: உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் பாருங்கள், நகைக்கடனுக்கு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் உரசுகிறார், நம் எதிரிலேயே எடை போடுகிறார், கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்ததைச் சொல்லிச் சீட்டில் எழுதுகிறார். நாம் கையெழுத்துப் போடுகிறோம். அரசாங்கம் நம் பெயரில் வாங்கிய 5.70 லட்சம் கோடிக்கு அப்படி யார் சீட்டு காட்டினார்கள்? 2001இல் நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். அதற்கு இருபது வருஷம் கழித்து, நிதியமைச்சராக வந்த பழனிவேல் தியாகராஜன் வைத்தார். எந்தக் கட்சி ஆண்டாலும் வருஷா வருஷம் வைக்க வேண்டும் என்பேன். தியாகராஜனை 2023 மே மாதம் நிதியிலிருந்து தகவல் தொழில்நுட்பத்துக்கு மாற்றியது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: கணக்கு தெரிந்தவர்கள் விவசாயிக்குக் கடன் தள்ளுபடி கூடாது என்பார்களே? (வாசகர், அச்சுதமங்கலம்)

பதில்: சொல்வார்கள். அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து நெல் முளைத்த வயலை அவர்கள் வந்து பார்க்கட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறங்காது என்பதும் கணக்குதான். தள்ளுபடியை வெறுக்காதீர்கள், அது தேவைப்படுகிற நிலைமையை வெறுங்கள்.

கேள்வி: நம் தஞ்சாவூர்ச் சீமை ஆள் ஒருவரும் இல்லையா? (வாசகி, நன்னிலம்)

பதில்: இருக்கிறார், கொஞ்சம் மாறின பாதையில். திருவிடைமருதூர் வி.கிருஷ்ணசாமி ஐயர். வக்கீல். 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, சிறுகச் சிறுகப் போட்டு வைத்தவர்களின் சேமிப்பெல்லாம் போயிற்று. அழுதுகொண்டு நிற்காமல் நம் பணத்துக்கு நாமே வங்கி வைப்போம் என்று கிளம்பினவர்களில் அவர் முன்னால் நின்றார். 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி திறந்தது. 1911இல் கவர்னரின் நிர்வாக சபைக்குப் போனார், அந்த வருஷமே காலமானார். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மகன் பி.காம். முடிக்கிறான். வங்கித் தேர்வா, கட்சியா? (வாசகர், வலங்கைமான்)

பதில்: முதலில் வங்கி. டெல்டா கிளையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சிட்டா அடங்கலைப் பிளாஸ்டிக் பையில் மடித்துக்கொண்டு பயிர்க்கடனுக்கு மூன்றாவது தடவை வந்து நிற்கிறவரிடம், உட்காருங்கள் அய்யா என்று சொல்லத் தெரிந்த பிறகு கட்சியைப் பற்றிப் பேசலாம்.