ஹால் எங்கே?

கேள்வி: கோவையில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. அந்த ஹால் எங்கே சார்?

பதில்: சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய சினிமாக் கொட்டகை அது. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் இயேசுநாதர் வாழ்க்கைப் படத்தையும் வாங்கினார். உத்தியோகத்தை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். என்ன துணிச்சல்! ரயிலில் அலுவலகம் போகவேண்டியவர், ரயிலில் சினிமாவையே கொண்டுபோனார். கடைசியில் கூடாரத்தைச் சுருட்டிவிட்டு, கோவையில் சுவர் எழுப்பினார். சென்னை மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர் அதற்குச் சற்று மூத்தது. ஆனால் அதைக் கட்டியவர் வெள்ளைக்காரர். இது நம்மவர் கட்டியது! பிற்பாடு கொட்டகை 'டிலைட்' என்று பெயர் மாறியது. தெரு மட்டும் மாற மறுத்துவிட்டது.