மோர்மிளகாய்க்கு ஓர் அழைப்பு

வங்காளிக் கல்யாணப் பத்திரிகையை அடிவரை படிக்க வேண்டும். நேரில் வராமல் கடிதத்தில் அழைக்கும் குற்றத்தைப் பொறுத்தருளச் சொல்லி ஒரு வரி இருக்கும். சீர்செனத்திக்குப் பதில் ஆசீர்வாதம் போதும் என்று இன்னொரு வரி. பழைய பத்திரிகைகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: விருந்தினர் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டது இந்த அழைப்பு. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த வரி அது. 1965-ல் மேற்கு வங்க முதல்வர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு பாலை மிச்சப்படுத்த சந்தேஷுக்கும் ரசகுல்லாவுக்குமே தடை போட்டிருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடவும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பல அச்சகங்கள் அந்த வரியை விடவில்லை. கை நிறையப் போட முடியாது என்பதை மரியாதை கெடாமல் சொல்ல அது பலருக்கு உதவியிருக்கிறது.

எழுபதுகளில் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் எங்கள் அம்மா காணும் பொங்கல் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்த விதத்தை நான் இந்த வரிகளோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அம்மா பத்திரிகை எதுவும் அடிக்கவில்லை. வாய்வார்த்தைதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் யோசித்து எடுத்தது.

கிளைவ் தெருக் கம்பெனிகளில் கணக்கெழுதியும் தட்டச்சு செய்தும் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல இருந்தன. காணும் பொங்கல் ஜனவரி 16, 17 வாக்கில் வரும். அந்தச் சாப்பாட்டை அம்மா பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்குத் தள்ளிவைப்பாள். “குளிர் கொஞ்சம் விடட்டுமே” என்பதுதான் அவள் சொல்லும் காரணம். முதல் வாரத்தில்தான் எல்லார் வீட்டிலும் சம்பளம் வந்திருக்கும் என்பதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரயில் கேட்டைத் தாண்டி, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவோம். 1958-லேயே அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு அது ‘லேக்’ மட்டும்தான்.

அழைக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். வாசலிலேயே நின்று சொல்ல மாட்டாள். உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்திருக்கும்போதுதான் பேச்சை எடுப்பாள். “ஞாயித்துக்கிழமை எல்லாருமா லேக்ல சாப்பிடலாம்னு இருக்கோம். சாதமும் சாம்பாரும் என் பொறுப்பு. மாமி, உங்க மோர்மிளகாய் இல்லேன்னா தயிர்சாதம் எறங்காது. வறுத்து ஒரு டப்பால எடுத்துண்டு வந்துடுங்கோ.”

அந்த மாமியின் கணவருக்கு வேலை போய் சில மாதங்கள் ஆகியிருந்தன. மோர்மிளகாய் கோடையிலேயே போட்டு ஜாடியில் இருப்பது. வறுக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும். இது அம்மாவுக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும். மாமி ஏரிக்கரைக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடுவோம். அன்று அவருக்குக் கிடைத்த மதிப்பு பாயசம் கொண்டுவந்த வீட்டுக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததில்லை. பாயசம், வடை எல்லாம் ஓவர்டைம் வாங்கும் வீடுகளுக்குப் போகும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு வாழையிலை: லேக் மார்க்கெட்டில் வாங்கி, துடைத்து, சுருட்டி எடுத்துவந்தால் போதும். கீழ்வீட்டு வங்காளி மாஷிமாவிடம் எதுவும் கேட்கமாட்டாள். “நீங்கள் வந்தால் போதும்” என்பாள். மாஷிமா நொலேன் குட் போட்ட பாயேஷோடு வருவார். அந்த ஈச்சவெல்ல வாசனை ரயில் கேட் வரை வரும்.

இப்போது எங்கள் பக்கத்து இரண்டு மாடி வீடுகள் பல அடுக்ககங்களாகிவிட்டன. சிறிய பட்ஜெட்டில் கூடிச் சாப்பிடும் ஆசை இன்னும் இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. அழைப்புதான் வருத்துகிறது. வாட்ஸப்பில் பலூன் படத்தோடு வருகிறது: பாட்லக்! ஆளுக்கு ஒரு ஐட்டம், குறைந்தது பத்துப் பேருக்கு, லிஸ்டில் பெயர் போடவும். யாருக்கு எது முடியும் என்று யாரும் பார்ப்பதில்லை. முந்திக்கொள்பவர்கள் சாதத்தையும் சாலட்டையும் எடுத்துவிடுகிறார்கள். பென்ஷனில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் கடைசியில் பனீர் மிஞ்சுகிறது. சால்ட் லேக் ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, அடுப்பில்லாத அறையில் தங்கும் பையன் ஆப்பில் ஆர்டர் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் “உடம்பு சரியில்லை” என்று எழுதிவிட்டு வராமல் இருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த லிஸ்ட்தான் சொன்னது.

செலவைப் பகிர்வதில் எந்த இழுக்கும் இல்லை. ஊரில் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்குவதும், வங்காளப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு அரிசியும் உருளைக்கிழங்கும் சேர்த்து சொடுய்பாதி வைப்பதும் அதுதான். ஆனால் பெரியவர்கள் கூப்பிடும்போது, கூப்பிடுகிறவர் என்ன போடுகிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றவரிடம் கேட்டால் அது அழைப்பாக இருக்காது, வசூலாகிவிடும். கேட்பது சின்னதாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். ‘ஏதாவது கொண்டுவாருங்கள்’ என்பது பெருந்தன்மை போலத் தெரியும். கையில் பணமில்லாதவருக்கு அதைவிடக் கஷ்டமான வாசகம் கிடையாது. எவ்வளவு கொண்டுபோனால் குறைச்சலாகத் தெரியாது என்று அவர் இரவெல்லாம் யோசிப்பார்.

போன வருஷத்திலிருந்து எங்கள் கட்டடத்து அழைப்பை நான் எழுதுகிறேன். வாசகம் இதுதான்: “ஞாயிறு மதியம் மொட்டை மாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். சாதம், சாம்பார், தயிர் எங்கள் வீட்டில் ஆகிறது. உங்களில் சிலரிடம் ஒரு சின்ன உதவி கேட்டு நானே வருவேன். மற்றவர்கள் தட்டும் டம்ளரும் மட்டும் எடுத்துவந்தால் போதும்.” பிறகு கதவு கதவாகப் போகிறேன். பாட்டியிடம் ஊறுகாய் கேட்டேன். ஐ.டி. பையனிடம் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றித் தரச் சொன்னேன். இரண்டு பேரும் வந்தார்கள்.

அடுத்த முறை உங்கள் குரூப்பில் லிஸ்ட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். யார் வீட்டு ஜாடியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அதையே கேளுங்கள்.