மடியில் கனம்

அப்பா போனபின் எனக்கு வந்த சொத்து மூன்று. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, பச்சைத்தேயிலை விலையைப் பற்றிப் புலம்பும் உரிமை, ஒரு .32 ரிவால்வர். முதல் இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்ற சிக்கல் இதுவரை எழவில்லை.

அப்பா எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். சம்பள நாளில் குன்னூர் வங்கியிலிருந்து ஜீப்பில் பணம் கொண்டுவருவார். அதற்காக எடுத்த லைசென்ஸ் அது. வாரிசு என்று மனுப் போட்டு, போலீஸ் விசாரணைக்கு ஆளாகி, மருத்துவச் சான்று வாங்கி, படியேறி இறங்கி ஒருவழியாக என் பெயருக்கு மாற்றினேன்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"அப்பா ஞாபகமா."

"அவரோட குடை இருக்கே."

ரிவால்வர் கான்பூர் அரசாங்க ஆலையில் செய்தது. கட்டைவிரலால் தாழைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து சாயும். ஆறு அறைகளும் தாமரைப் பொகுட்டு மாதிரி மேலே தெரியும். நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு ஒன்று எழுந்து காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2014-இல் அதே கான்பூரில் 'நிர்பீக்' என்று பெண்களுக்காக அரைக் கிலோவில் ஒன்று செய்தார்கள். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். கால் கிலோ குறைய அவ்வளவு செலவு எதற்கு, உளுந்து வடையை நிறுத்தினால் போதும் என்று என் டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுபோனால் உறையில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதி. வேட்டியில் செருகுவதெல்லாம் சினிமாவோடு சரி. ஆனால் அந்த உறையை உடம்பில் எந்த இடத்தில் மாட்டுவது என்பதை அவரவர் உடம்புக்கே விட்டுவிட்டார்கள். என் உடம்போ இந்த மாதிரிப் பொறுப்புகளை ஏற்றுப் பழக்கமில்லாதது.

தோட்டாக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு பீரோக் கண்ணாடி முன் நின்றேன். டூரிங் டாக்கீஸில் ஜெய்சங்கரின் 'கங்கா'வையும் 'ஜக்கம்மா'வையும் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் முதலில் வலது இடுப்பு. நிற்கும்வரை பிரமாதம். உட்கார்ந்ததும் நாற்காலிக் கையில் பிடி மாட்டி, எழுந்தபோது நாற்காலியும் கூட எழுந்தது. அடுத்தது முதுகு, தெற்கத்தி அரிவாள்காரர்களின் இடம். அவர்கள் யாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். முதுகெலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் ஓர் இரும்புத்துண்டு, ஒவ்வொரு வளைவிலும் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே வரும். அப்புறம் முன்வயிறு. அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். அவரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணி உட்கார்ந்தேன். குழல் இப்போது எதைக் குறிபார்க்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது இடது இடுப்பு. இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால், பிடி முன்பக்கம் பார்க்க, லேசான சாய்வில் வைத்து, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் உருவுவது. ராஜாக்கள் வாளை உருவியதும் இப்படித்தான். அத்தனை நீள வாளை அதே பக்கத்துக் கையால் உருவ முடியாது, அக்குள் இடிக்கும். வெலிங்டன் பக்கம் ராணுவ அணிவகுப்புப் பார்த்தவர்களுக்கு அதிகாரிகளின் தோளிலிருந்து குறுக்கே இறங்கும் தோல்வார் தெரிந்திருக்கும். அதற்குச் சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரில் பிறந்த வெள்ளைக்காரர் அவர். 1858-இல் நடந்த சண்டையில் இடது கை போயிற்று. உறையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் வாளை உருவுவது எப்படி? தோளிலிருந்து ஒரு வாரை இறக்கி, இடது இடுப்பில் உறை ஆடாமல் நிற்கும்படி கட்டிக்கொண்டார். ஒற்றைக்கையர் ஒருவரின் வசதி, இரண்டு கையும் உள்ள பட்டாளத்துக்கெல்லாம் சீருடையாகிவிட்டது.

இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்குப் போய் ஒரு வெள்ளைக்காரன் கை போகணுமாடா? குடம் எந்த இடுப்புல வச்சேன்? உன்னை எந்த இடுப்புல வச்சேன்?"

இடது இடுப்பில்தான். அவளுடைய சுருக்குப்பையும் அங்கேதான் இருக்கிறது. வலது கை குறுக்கே போய்ச் சரக்கென்று உருவிப் பாக்கை எடுத்துவிடும். நான் பார்த்தவரையில் இந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இடம் முடிவானது, உறை வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு குன்னூர்க் கடைத்தெருவில் அளவு கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அட்டையில் அதன் உருவத்தை வரைந்து வெட்டி எடுத்துப்போனேன். செல்போன் உறை தைக்கும் பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குக்கர் கைப்பிடியா சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"குக்கர் கைப்பிடிக்கு எதுக்கு சார் உறை?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் மாட்டுத்தோலில், மேலே ஒரு டிச் பட்டனோடு, அருமையாகத் தைத்துக் கொடுத்தார். "சூடா வைக்காதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

இனிமேல்தான் தொல்லையே. கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த இடம்தான் சொர்க்கம் என்கிறார்கள் அமெரிக்கர்கள். உண்மைதான், அவர்களுக்கு. அவர்கள் ஓட்டுவது இடப்பக்கம் உட்கார்ந்து. சீட் பெல்ட் இடது தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பில் பூட்டும். இடது இடுப்பு காலியாக இருக்கும். நாமோ வலப்பக்கம் உட்காருகிறவர்கள். நம் பெல்ட் பூட்டுவது இடது இடுப்பில், சரியாக ரிவால்வர் இருக்கும் இடத்தில். முதல் நாள் கொக்கி எது, பிடி எது என்று தடவித் தடவி, மூன்றாவது முயற்சியில்தான் வண்டி கிளம்பியது. அப்பாவின் பழைய ஜீப்பில் சீட் பெல்ட்டே கிடையாது. அவர் ஏன் ஒருநாளும் குறைசொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று, பிடி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் எதிரே நிற்பவருக்கும் அது கைக்கு எட்டும். ஊட்டி பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது எதிரில் இருப்பவர் கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டால்? உருவும்போது குழல் என் இடது முழங்கையையும், இடது பக்கம் நிற்பவர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் முன்னால் வரும். கோயிலில் எனக்கு இடது பக்கம் நிற்பவள் மனைவி. செய்தி தெரிந்த நாளிலிருந்து வலது பக்கம் மாறிவிட்டாள். ஐயர்கூட ஒருமுறை விசாரித்தார்.

இதெல்லாம் பனியனோடு நிற்கும்போது வரும் சங்கடங்கள். நீலகிரியில் பனியனோடு யார் நிற்கிறார்கள்? பனியன், தெர்மல், சட்டை, அவள் பின்னிய ஸ்வெட்டர், அதற்குமேல் ஜெர்கின், கழுத்தில் மப்ளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ஜிப்பை இறக்கி, ஸ்வெட்டரைத் தூக்கி, டிச் பட்டனைத் தட்டி உருவினேன். துப்பாக்கியின் சுத்தியில் கம்பளி நூல் ஒன்று மாட்டியிருந்தது. நான் இழுக்க இழுக்க அதுவும் வந்தது. வீரம் வெளியே வருவதற்குள் ஸ்வெட்டரில் நாலு வரிசை பிரிந்துபோயிற்று. அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. "திருடன்கிட்ட ஒரு டீ குடிச்சுட்டு வரச் சொல்லணும்" என்றாள்.

காட்டெருமையை மறந்துவிட்டேனே. போன டிசம்பரில் சாயங்காலம் தோட்டத்துப் பாதை திருப்பத்தில் ஒன்று நின்றது. நல்ல கடா, இந்த ஜாதியில் ஆயிரம் கிலோ வரைக்கும் வளர்வதுண்டு. .32 தோட்டாவால் அதற்கு ஒன்றும் ஆகாது. எனக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நிறைய ஆகும். இரண்டு கைகளையும் ஜெர்கின் பைக்குள் விட்டுக்கொண்டு அசையாமல் நின்றேன். அது என் இடது இடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல்லை மென்று முடித்துவிட்டுத் தன் வழியே போயிற்று. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். பயத்துக்காகவே கனத்தைக் கட்டிக்கொண்டவனை என்ன சொல்வார்களோ.

2024 மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்று வழக்கம்போல் உத்தரவு வந்தது. பனி விலகாத ஒரு காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்குப் பின்னால் நாலு பேர், உறைபோட்ட நீளத் துப்பாக்கிகளோடு. ரைட்டர் நோட்டைப் பிரித்து லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, "எடுங்க சார்" என்றார்.

மப்ளரை அவிழ்த்தேன். ஜெர்கின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்த ஒருவர் பிடித்து இழுத்து உதவினார். ஸ்வெட்டரைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சட்டையை ஒதுக்கி, வலது கையைக் குறுக்கே விட்டு டிச் பட்டனைத் தேடினேன். ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அவசரமில்ல சார். ஓட்டு ஏப்ரல் பத்தொம்பதாம் தேதிதானே."