ஆட்டக்காரர் ஒழுக்க சாஸ்திரம் வேண்டி ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ இலண்டன் மாநகரத்து ஜனரஞ்சக நாளேடுகளின் பத்திராதிபர்கள் சமூகத்துக்கு, தூரதேசத்து வாசகன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கிலாந்து தேசத்தில் கால்பந்தாடிப் பிழைக்கும் வாலிபர்கள், ஆடுகளத்தை விட்டு வெளியே வந்த பிறகு எங்கே உண்ண வேண்டும், எதை உடுத்த வேண்டும், எந்த விமானத்தில் ஏற வேண்டும், யாருக்கு என்ன விலையில் வீடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்னும் கேள்விகளுக்கெல்லாம், ஜனங்களின் காலைத் தேநீர் ஆறுவதற்கு முன்பாகவே, தாங்கள் கொட்டை எழுத்துகளில் தீர்ப்பு வழங்கி வருவதை நெடுநாளாகப் பிரமிப்போடு கவனித்து வருகிறேன். யாரும் கேட்டுக்கொள்ளாமலே, விற்பனையையும் விளம்பரப் பணத்தையும் தவிர வேறு பிரதிபலன் எதையும் எதிர்பாராமலே, இத்தனை பெரிய தர்ம கைங்கரியத்தைச் செய்து வரும் தங்களிடம் எனக்குக் குறை ஒன்று உண்டு. ஆடுகளத்துக்குள் நடப்பதற்கு விதிகள் 17, அவை அச்சாகியிருக்கின்றன, அவற்றுள் 11-ஆவதாகிய ஆஃப்சைடு விதிகூட, பொறுமைசாலி ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு படித்தால், ஒருவாறு விளங்கிவிடுகிறது. ஆடுகளத்துக்கு வெளியே நடப்பதற்குத் தாங்கள் வைத்திருக்கும் விதிகளோ எங்கும் அச்சாகக் காணோம். தீர்ப்புகளை மட்டும் படித்துச் சட்டத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகிக்கப் புகுந்தால் என் போன்ற மந்தமதிகளுக்குத் தலை சுற்றுகிறது.

முதலில், தாயாருக்கு வீடு வாங்கும் விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். மான்செஸ்டர் சிட்டி என்னும் ஒரே கழகத்தில், சிறு பிராயம் முதல் அங்கேயே பயிற்சி பெற்று வளர்ந்த இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் பெயர் டோசின் அடரபியோயோ, மற்றவர் பெயர் ஃபில் ஃபோடன். இருவரும் தத்தம் தாயாருக்கு வீடு வாங்கினார்கள். இரண்டு செய்திகளையும் வெளியிட்டது தங்களில் ஒருவராகிய டெய்லி மெயில். ஃபோடன் விஷயத்தில், உதய நட்சத்திரம் தன் அம்மாவுக்கு இருபது லட்சம் பவுனில் புது வீடு வாங்கினார் என்று சுபச் செய்தியாக முடிந்துவிட்டது. அடரபியோயோ விஷயத்தில் தலைப்பு நீண்டது: வயது 20, வாரச் சம்பளம் 25,000 பவுன், மாளிகையின் விலை இருபத்திரண்டரை லட்சம் பவுன், பணத்தை வாரி இறைத்தார், இத்தனைக்கும் பிரீமியர் லீக் பந்தயம் ஒன்றிலேனும் தொடக்கம் முதல் ஆடியவரில்லை என்று, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் இறுதியில் ஒரு வார்த்தையையும் ஏற்றி அச்சிட்டிருந்தது. தலைப்பில் அம்மாவுக்கு இடமில்லாமற் போயிற்று.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துக்கொண்டு, அவற்றுக்கு அடிப்படையான தர்ம சூத்திரம் யாதாயிருக்கும் என்று ஆராயப் புகுந்தேன். விலைதான் காரணமோ என்று முதலில் எண்ணினேன். இருபது லட்சம் வரையில் மாதா பக்தி, அதற்கு மேலே இரண்டரை லட்சம் ஏறினால் அகம்பாவம் என்று எல்லை வகுத்திருந்தால் அதை முன்கூட்டியே வீட்டுத் தரகர்களுக்காவது அறிவித்திருக்கலாம். வயதுதான் காரணமோ என்றால், ஃபோடன் இரண்டு வயது இளையவர். லீக் பந்தயத்தில் தொடக்கம் முதல் ஆடாத குற்றம் என்று பார்த்தாலோ, ஃபோடன் அப்படி முதன்முதலாக ஆடியது 2019 ஏப்ரலில், கார்டிஃப் நகரக் கழகத்துக்கு எதிராக. வீட்டுச் செய்தி வெளியானது அதற்கு முந்திய வருஷம். ஆகவே அந்தக் குற்றத்தில் இருவரும் சம பங்காளிகள். எஞ்சியிருப்பது முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிற ஒரு வித்தியாசம். ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர். ஆயினும் தங்களைப் போன்ற சமதிருஷ்டியுள்ளவர்கள் அதைக் கவனித்திருப்பீர்கள் என்று நினைப்பதே அபசாரம். தவிரவும், பத்திராதிபர்களே பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் குழு இயற்றிய ஆசிரியர் நெறிமுறையின் 12-ஆவது பிரிவு, செய்திக்கு மெய்யாகவே சம்பந்தப்பட்டதாக இருந்தாலன்றி ஒருவருடைய இனத்தையும் நிறத்தையும் குறிப்பிடலாகாது என்கிறது. அந்தத் தலைப்பில் இனமும் இல்லை, நிறமும் இல்லை. அவற்றைத் தெரிவிக்கப் புகைப்படம் போதுமானதாயிருந்தது. நெறிமுறைக்கு இம்மியும் பங்கமில்லை. ஆகவே என் புத்திக்கு எட்டாத வேறொரு சூத்திரம் இருந்தே தீர வேண்டும். அதைத்தான் அறியக் கோருகிறேன்.

இவ்விரு தலைப்புகளையும் அருகருகே ஒட்டி உலகுக்குக் காட்டியவர் அப்போது அதே கழகத்தில் ஆடிய ரஹீம் ஸ்டெர்லிங். அவர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். இரண்டு வயதில் தகப்பனாரைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தவர். ஐந்து வயதில் இலண்டனுக்கு வந்து, விடியற்காலையில் தாயாருக்கு ஒத்தாசையாகத் தங்கும் விடுதிகளின் கழிப்பறைகளைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். இப்படிப்பட்ட ஒருவர் பிற்காலத்தில் தாயாருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் அதைக் கதையாகச் சொல்லிக் குழந்தைகளைத் தூங்கவைப்பார்கள். தங்கள் பக்கத்து மரபு வேறு. 2016 ஜூன் 27 அன்று நீஸ் நகரத்தில், மூன்றரை லட்சம் ஜனங்கள்கூட இல்லாத ஐஸ்லாந்திடம் இங்கிலாந்து 2-1 என்று தோற்றது. நாலைந்து நாளைக்குள், ஸ்டெர்லிங் தாயாருக்கு வாங்கிக் கொடுத்த வீட்டைப் பற்றிய சலனப்படம் ஒன்று வெளியாக, அங்கே கைகழுவும் தொட்டியில் பளபளக்கும் கற்கள் பதித்திருந்த அக்கிரமத்தைச் சன் பத்திரிகை தேசத்துக்கு அம்பலப்படுத்தி, தோற்றுப்போன கையோடு ரசிகர்களை இவர் அவமதித்துவிட்டார் என்று தீர்ப்பளித்தது. தொட்டியில் பதித்த கற்களுக்கும் ஐஸ்லாந்து போட்ட இரண்டாவது கோலுக்கும் உள்ள சம்பந்தத்தைத் துப்பறிந்த நிருபரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அன்று இங்கிலாந்துக்குக் கிடைத்த ஒரே கோல், இதே ஸ்டெர்லிங்கை எதிரணிக் கோல்காப்பாளர் கீழே தள்ளியதால் கிடைத்த பெனால்டியில் வந்தது என்பது ஆட்டத்தைப் பற்றிய அற்ப விவரம். அதற்கு இடம் ஒதுக்குவது தங்கள் கௌரவத்துக்கு அழகல்ல.

சரி, ஆடம்பரம் கூடாது போலும் என்று முடிவு கட்டி அடுத்த தீர்ப்பைப் படித்தேன். அவர் ஈசிஜெட் என்னும் மலிவான விமானத்தில் பயணம் செய்தார். அதுவும் செய்தியாயிற்று, வாரத்துக்கு 1,80,000 பவுன் வாங்குகிறவர் இதிலா ஏறுவது என்று. கிரெக்ஸ் ரொட்டிக்கடையில் பலகாரம் வாங்கித் தின்றார், அதுவும் செய்தி. எதை எடுத்தாலும் ஒரு பவுன் என்று விற்கிற கடைக்குள் நுழைந்தார். அதற்கும் படத்தோடு செய்தி. செலவழித்தால் ஊதாரி, செலவழிக்காவிட்டால் கஞ்சன், நடுவில் நின்றால் கேலிப்பொருள் என்னும் இந்த மும்முனைத் தர்மத்தின்படி ஒரு கால்பந்தாட்டக்காரர் பசித்தால் எந்தக் கடையில், எத்தனை பவுனுக்கு, எந்த முகபாவத்துடன் உண்ணலாம் என்பதை சாஸ்திரத்தில் ஓர் அட்டவணையாகவேனும் சேர்த்துவிட்டால் பலருக்குப் பெரிய உபகாரமாயிருக்கும்.

பச்சை குத்திக்கொள்வதற்கும் ஓர் அத்தியாயம் தேவைப்படும். 2018-இல், ருஷ்யாவில் உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், ஸ்டெர்லிங்கின் வலது கெண்டைக்காலில் எம்-16 துப்பாக்கியின் உருவம் இருப்பதைச் சன் முதல் பக்கத்தில் வெளியிட்டுத் தர்மாவேசம் கொண்டது. தகப்பனார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று தாம் சபதம் செய்ததையும், தாம் பந்தைச் சுடுவது வலது காலால் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். காலில் மை ஏறிய அன்றே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் முதல் பக்கத்தில் போட என்ன மிஞ்சியிருக்கும் என்று தாங்கள் திருப்பிக் கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி, அவருடைய 24-ஆவது பிறந்த நாளன்று, இலண்டனில் செல்ஸி கழகத்தின் மைதானத்தில் பந்தெடுக்கப் போனவரை நோக்கி வேலியோரத்து ரசிகர்கள் சிலர் முகம் கோணக் கத்தினார்கள். மறுநாள்தான் அவர் அந்த இரண்டு தலைப்புகளையும் வெளியிட்டு, இப்படிப்பட்ட செய்திகளே இனத்துவேஷத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன என்ற கருத்தை மிகச் சாந்தமான பாஷையில் தெரிவித்தார். இரைந்து பேசியிருந்தால் கோபக்காரர் என்று ஒரு நாள் செய்தி கிடைத்திருக்குமே. அந்த வசதியையும் தங்களுக்கு அவர் தரவில்லை. பிற்பாடு, 2020-இல், மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்து மார்கஸ் ராஷ்ஃபோர்ட், ஏழைப் பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் பள்ளி உணவு கிடைக்க வேண்டும் என்று போராடி அரசாங்கத்தையே தன் முடிவை மாற்றிக்கொள்ளச் செய்தபோது, மெயில் ஆன் சன்டே அவர் வாங்கிய வீடுகளை எண்ணிப் பார்த்து ஐந்து என்று அறிவித்தது. பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு எத்தனை கூரை அனுமதி என்பதும் சாஸ்திரத்தில் தெளிவாக வேண்டும்.

பிராயச்சித்த காண்டத்தைப் பொறுத்தமட்டில் எனக்குச் சந்தேகம் குறைவு. அது தெளிவாகவே இருக்கிறது. 1996 மே மாதம், ஐரோப்பியப் போட்டிக்கு முன்பாக ஹாங்காங்குக்குப் போன இங்கிலாந்து அணியினர், பல்வைத்தியரின் நாற்காலி போன்ற ஒன்றில் சாய்ந்தபடி வாயில் மதுவை ஊற்றிக்கொண்ட படங்கள் அச்சாக, பால் கேஸ்கொயின் முதலானோர் தேசத்தின் மானத்தை வாங்கிவிட்டதாகத் தாங்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சினந்தீர்கள். ஜூன் 15 அன்று வெம்பிளி மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, காவலரின் தலைக்கு மேலே இடது காலால் பந்தைத் தூக்கி, அது தரையைத் தொடுமுன் வலது காலால் அடித்து, கேஸ்கொயின் ஒரு கோல் போட்டார். போட்டுவிட்டு அதே நாற்காலியில் கிடப்பதுபோல் புல்லில் மல்லாந்தார். சகாக்கள் புட்டியிலிருந்து அவர் வாயில் தண்ணீர் பீய்ச்சினார்கள். உடனே டெய்லி மிரர் அவரிடம் அச்சிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஆக, குடித்த பாவத்துக்குக் கோலே பரிகாரம். அந்தக் கோல் உள்ளே போகாமல் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் பாவம் அப்படியே நின்றிருக்கும். ஒழுக்கத்தை இவ்வளவு துல்லியமாக, கம்பத்துக்கு இந்தப் புறம் அந்தப் புறம் என்று அளக்கும் முறையை வேறெந்த தேசத்து நீதி நூலிலும் நான் கண்டதில்லை.

கேஸ்கொயின் மீது அந்தப் பத்திரிகைக் குடும்பத்துக்கு இருந்த பற்று ஒரு மன்னிப்போடு நின்றுவிடவில்லை. பின்னாளில் அவருடைய தொலைபேசியில் வந்து தங்கிய செய்திகளை அவருக்கு முன்பாகவே கேட்டுவிடும் அளவுக்கு அது வளர்ந்தது. யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அவர் புலம்ப, சிகிச்சை செய்தவர்கள் அதைப் பிரமை என்று கருத, அவர் தொலைபேசியை மாற்றி மாற்றி, தன் சித்தத்தின் மீதே சந்தேகம் கொண்டு நொந்துபோனதாக நீதிமன்றத்தில் சொன்னார். 2015-இல் நீதிபதி மான், மிரர் நிறுவனம் அவருக்கு 1,88,250 பவுன் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தார். அவர் பைத்தியம் அல்ல என்பதற்குக் கிடைத்த அத்தாட்சிப் பத்திரம் அது. அவருடைய குடியையும் வீழ்ச்சியையும் கண்ணீர் மல்க எழுதிய பத்திகளுக்கு நடுவே, அந்த வீழ்ச்சியில் தங்கள் பங்கு எத்தனை பத்தி என்று கணக்கிட்டு எழுதிய பத்தி ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் ஆதாரமாகத் தாங்கள் காட்டக்கூடிய ஒரு பிரமாணம் உண்டென்பதை மறுக்க மாட்டேன். 2002 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்து அணித் தலைவர் ஒருவருடைய அந்தரங்க விஷயத்தைப் பிரசுரிக்கக் கூடாதென்று இருந்த தடையை நீக்கிய பிரதம நீதிபதி ஊல்ஃப் பிரபு, கால்பந்தாட்டக்காரர்கள் இளைஞர்களுக்கு முன்மாதிரிகள், அவர்களுடைய தகாத நடத்தை கெட்ட உதாரணமாகிவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். அந்த ஆட்டக்காரரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தாங்கள் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள். பந்தை நேராக உதைக்கத் தெரிந்த பதினெட்டு வயதுப் பையன், தான் விண்ணப்பிக்காத, சம்பளமும் குறிப்பிடப்படாத, ராஜினாமா செய்யவும் வழியில்லாத இந்த முன்மாதிரி உத்தியோகத்தில் அன்று முதல் நியமனமாகிவிட்டான். கண்காணிப்பாளர் பதவியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். இளைஞர்கள் கெட்ட உதாரணத்தைக் காணக்கூடாதென்ற கவலையால் அந்தக் கெட்ட உதாரணத்தை ஞாயிறுதோறும் படங்களுடன் லட்சக்கணக்கில் அச்சிட்டு வீடு வீடாக அனுப்பி வைத்த தியாகத்தை என்னென்பது? 168 வருஷம் அந்தத் தொண்டைச் செய்த நியூஸ் ஆஃப் த வேர்ல்டு, ஒட்டுக்கேட்ட விவகாரம் வெடித்து 2011 ஜூலை 10-ஆம் தேதியோடு நின்றுபோனது இளைய தலைமுறையின் துரதிர்ஷ்டமே.

ஆகையால் தாங்கள் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூட்டி, வீடு, உணவு, வாகனம், பச்சை, மது, மாதா பக்தி, ஏழைகளிடம் இரக்கம் ஆகிய ஏழு தலைப்புகளில், நிறத்துக்கு நிறம் விகிதம் மாறுவதானால் அந்த விகிதத்தையும் மறைக்காமல் சேர்த்து, ஒழுக்க சாஸ்திரம் ஒன்றை அச்சிட்டு, இளைஞன் ஒருவன் கழகத்தோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே அவன் கையில் ஒரு பிரதியும் அவன் தாயார் கையில் ஒரு பிரதியும் கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருஷம் சூத்திரங்கள் மாறுமானால் திருத்தப் பதிப்புக்கும் நான் சந்தா செலுத்தச் சித்தமாயிருக்கிறேன்.

இதற்குப் பதில் தருவதானால் தயவுசெய்து தபாலில் தர வேண்டுகிறேன். தொலைபேசியில் செய்தி விட்டுவைக்க வேண்டாம். அதை நான் கேட்பதற்குள் தங்கள் காரியாலயத்திலேயே வேறு யாராவது கேட்டுவிடக்கூடும்.

இங்ஙனம்,
தங்கள் தாழ்மையுள்ள வாசகன்