ஒட்டியல்

குடும்பப் படங்கள் ஒட்டியவை, ஒட்டாதவை என இருவகைப்படும். ஒட்டாதவை பிஸ்கட் டின்னில் கிடப்பன. அவை இவ்வாராய்ச்சிக்குப் புறம்பு. ஒட்டியவை தாளொட்டு, திரையொட்டு என மேலும் இரண்டாகும். ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளையும் மடிக்கணினிகளையும் துருவிப் பார்த்து வகுத்தது இவ்விலக்கணம்.

தாளொட்டு மூவகை. கறுப்புத் தாளில் நான்கு மூலையும் செருகி, இடையே பட்டர் பேப்பர் வைத்தது தலையாயது. பசைக்கோடு போட்ட அட்டைமேல் படத்தை வைத்து பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவது இடையாயது. எழுபது, எண்பதுகளில் கல்யாணம் ஆனவர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இதில் பசை மஞ்சளாகப் பழுக்கும். படத்தை உரித்தால் மாமனாரின் பாதி மீசை அட்டையோடு தங்கிவிடும். கத்தரித்து, ரிப்பன் கட்டி, ஸ்டிக்கர் பதிப்பது மூன்றாவது. தண்ணீர் தொட்டால் ஒட்டும்படி முன்னமே பசை தடவிய ஒட்டுப் புத்தகத்துக்கு மார்க் ட்வைன் 1873இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். எழுத்தாளர்களால் குடும்பத்துக்கு விளைந்த நன்மைகளில் இதைச் சற்று உயர்வாகவே வைக்கலாம்.

தாளொட்டின் பகை வெயில், பசை, ஈரம். மனுக்காவ் துறை வழியாக எதிரி வரக்கூடும் என்று 1860இல் பிளாக்ஹவுஸ் பேயில் ‘பிளாக்ஹவுஸ்’ என்னும் காவல் அரண் கட்டினார்கள்; ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஈரத்துக்கு எந்த அரணும் இல்லை. குளிர்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால், மணமகளுக்குப் பூஞ்சணம் இன்னொரு பொட்டு வைத்திருக்கும்.

கணினித் திரையில் ஒட்டும் திரையொட்டுக்கு மரபான பக்கம் 12 அங்குலச் சதுரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆகப் பக்கவாட்டில் 3600. பின்னணி, படம், அலங்காரம், எழுத்து என ஒவ்வொன்றும் தனித்தனி லேயரில், அதாவது அடுக்கில், இருக்கும். இதில் வல்லவர்கள் அதிக நேரம் செலவழிப்பது நிழலுக்கு: படத்துக்கு அடியில் மெல்லிய நிழல் விழுந்தால்தான் அது தாளில் ஒட்டியதுபோலத் தெரியும். தாளை விட்டு வந்தவர்கள் தாளைப் போலி செய்யப் படும் பாடு இது. கற்றுக்குட்டியின் பக்கத்தில் ஒரு படத்துக்கு நிழல் இடப்பக்கமும் அடுத்ததற்கு வலப்பக்கமும் விழும். வானத்தில் இரண்டு சூரியன்.

திரையொட்டரில் கரிஷ்மா மரபினர் தனிக்குலம். ஊர் ஸ்டுடியோக்களின் 12க்கு 36 அங்குல ‘கரிஷ்மா’ கல்யாண ஆல்பமே அவர்களுக்கு வேதம். ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்க, மாப்பிள்ளை பெண்ணை சுவிட்சர்லாந்து மலையில் நிறுத்துவர்.

விரயமில்லை, இடம் அடைக்காது, யாழ்ப்பாணத்துக்கும் டொராண்டோவுக்கும் ஒரே இரவில் பிரதி போகும் என்பன திரையொட்டின் சிறு நன்மைகள். பெருநன்மை உறவு பற்றியது. காணித் தகராறில் சித்தப்பாவோடு பேச்சு நின்றால், தாளொட்டர் கத்தரிக்கோலை எடுப்பார். பிறகு சமாதானம் ஆனாலும், அத்தையின் தோளில் சொந்தக்காரன் இல்லாத ஒரு கை நிற்கும். திரையொட்டர் சித்தப்பாவை மட்டும் தனி லேயராக வெட்டியெடுத்து, அதன் ஓரத்திலுள்ள கண் குறியைத் தட்டினால் போதும், அவர் மறைவார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகுமுன் இன்னொரு தட்டு. மொய் எழுதத் தயாராக நிற்பார்.

புறனடை: கோபம் தணியாத வேளையில் லேயர்களைத் தட்டையாக்கி, ஜேபெக்காகச் சேமித்து, மூலக் கோப்பையும் அழித்தவருக்கு இவ்விதி பொருந்தாது. அவர் சித்தப்பாவை நேரில் அழைத்துச் சோறு போட்டு, புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளக் கடவர்.