ரேஞ்ச் மாமா

மூணாறு எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னலுக்கு ‘ரேஞ்ச்’ என்றுதான் பெயர். அந்த ரேஞ்சுக்கு வைத்தியம் பார்க்க லைனுக்கு ஒரு மாமா இருப்பார். கொரோனா காலத்தில் ராஜமலைப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ரேஞ்ச் தேடி அலைந்தபோது, எந்தப் பாறைமேல் நின்றால் எத்தனை கோடு வரும் என்று சொல்லிச் சொல்லியே பட்டம் வாங்கியவர். இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது. மாமாவும் பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டார்.

படத்தின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கினால் போதும், அவருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

“என்னத்தா, சுத்துதா? எத்தனை நாளா?”

மோடத்தின் முன் குத்தவைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பவர்போல விளக்குகளைப் பார்ப்பார். “சிவப்பு கண்ணடிச்சா வெளிய இருந்தே வெளிச்சம் வரலைன்னு அர்த்தம். இங்க பச்சை. படையப்பா கம்பத்தைச் சாய்க்கலை.” ஊருக்குள் உலாவும் காட்டுயானைக்கு அத்தோடு விடுதலை.

அடுத்து மடிக்கணினியில் ‘பிங்’ தட்டுவார். “மோடத்துக்குப் போய்ட்டு வரவே தடுமாறினா வைஃபை கோளாறு. அதுவரைக்கும் ஒழுங்காப் போயி, அதுக்கு மேல விட்டுவிட்டுப் போனா லைன் கோளாறு.”

“ஸ்பீடு 50 காட்டுதே மாமா?” என்பான் பையன்.

“ஹெச்டி படத்துக்கு 5 போதும்டா. ஆனா அது நிக்காம வரணும். ஒரு நாள் மலையாட்டம் கொழுந்து கிள்ளிட்டு ஒன்பது நாள் படுத்துக் கிடந்தா சம்பளம் தருவாங்களா?”

இந்த ஆளோடு சிக்கலே, சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான். இரும்பு பீரோ அலையை மறிக்கும், சரி. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும், அதுவும் சரி. அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். லைனில் வீடுகளோ பத்து. ஃபைபரை ஆணியில் மடக்கிக் கட்டியிருந்தால் வளைவில் ஒளி கசியும். “அதுல துண்டு வேற காயப்போட்டிருக்கீங்க!” என்று அத்தைக்குத் தனியாக ஒரு பாட்டு.

இத்தனையும் சொல்லி முடித்து, மோடத்தை அணைத்துப் போடுவார். சரியாகிவிடும்! அதற்குள் அத்தை அடுப்படிக்கும் பையன் தூக்கத்துக்கும் போயிருப்பார்கள். மாமா மட்டும் கட்டஞ்சாயாவோடு மீதிப் படத்தைப் பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரப் படம் ஒரு வட்டம்கூடச் சுற்றாமல் ஓடி முடிந்தது. சாயா ஆறும்வரை மாமா மோடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இவ்வளவு சீரா ஓடுறது நல்லதுக்கில்ல. நாளைக்கு வந்து ஒரு தடவை பார்த்துர்றேன்.”